நடுக்கயிறு

நடுக்கயிற்றில் தொங்குவது ஏகாம்பரம்தான். அதில் குணசுந்தரிக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. மூன்று கயிறு இறங்கினால் நடுக்கயிறு மூத்த ஆளுக்கு என்று அவனே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். வலப்பக்கத்து ஆளையும் இடப்பக்கத்து ஆளையும் ஒரே மட்டத்தில் கூட்டிக்கொண்டு இறங்குவது நடுவில் இருப்பவன் பொறுப்பாம், ஒருத்தன் பின்தங்கிவிட்டால் அவன் வழிக்கிற அழுக்குத் தண்ணீர் காற்றில் சாய்ந்து, மற்றவன் துடைத்து முடித்த கண்ணாடியில் கோடு போட்டுவிடுமாம். ஆகவே அது அவன்தான். அடையாற்றுக்கு இந்தக் கரையில், புதிதாகப் போட்ட நடைபாதையின் சிமெண்டு பெஞ்சில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கரையில் பத்தொன்பது மாடி நீலக் கண்ணாடிக் கட்டடம் ஆற்றைப் பார்த்து வயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. அதன் நெற்றியில் மூன்று ஆரஞ்சுப் புள்ளிகள். மணி பதினொன்றேகால். சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைக்கு. பாலத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய், கேட்டில் சொல்லி அவனைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் வேலை செய்கிற வீட்டில் பாங்குக்குப் போகணும் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவன் வேலை செய்வதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தான். நீ கீழேர்ந்து பாத்தா எனக்கு உள்ளங்கால் கூசும் குணா, கூசினா கால் நிக்காது. அதனால் இப்போதும் அவள் அவனை நேராகப் பார்க்காமல், கொஞ்சம் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்ப்பதும், ஆற்றைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் அவனைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் பார்வை தண்ணீரைத் தாண்டிப் போய் அவன் உள்ளங்காலைக் கூச வைத்துவிடுமோ என்று பயம்தான். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் நடுப்புள்ளியை முழுசாகப் பார்க்க மனசு துணியவில்லை.

கேட்கிறவர்கள் எல்லாரும், அவ்வளவு உயரம் எப்படி ஏறுகிறார் என்றுதான் கேட்பார்கள். சற்று முன்புகூட, வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு வந்து பெஞ்சின் மறுமுனையில் ஒண்டிக்கொண்ட பெண்மணி அதையேதான் கேட்டாள். இன்னாம்மா, அங்கியே பாத்துகினு கீற. எங்க வூட்டுக்காரரு, நடுவுல கீறாரு பாரு என்றாள் குணசுந்தரி. அய்ய, அவ்ளோ ஒசரம் எப்டிம்மா ஏறுறாரு. ஏறமாட்டாருக்கா, லிஃப்டுல மேல போயிட்டு எறங்குவாரு, எறங்குறதுதான் வேலை. சொல்லும்போது தன் குரலில் பெருமை வழிந்ததை குணசுந்தரியே கேட்டாள், கேட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆளை அங்கிருந்து ஒரேயடியாக இறக்கிக் கூட்டிப்போக வந்தவளுக்கு ஊராரிடம் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது. ஆனால் பெருமைதானே. ஊரில் எவள் புருஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கழுவிச் சோற்றில் உட்கார்ந்ததும் பட்டணத்தையே எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறான். லைப்ரரி மேல இன்னிக்குக் கிளிங்க குணா, நூறு இருக்கும், ஒம்பது மாடியும் படிச்சு முடிச்சிட்ட மாதிரி வரிசையா உக்காந்துகினு இருந்துச்சுங்க. உடைஞ்ச பாலத்துக்கு அந்தாண்ட கடல் இன்னிக்குத் தகரம் மாதிரி கெடந்துது. பறக்கும் ரயிலு ஆத்தத் தாண்டும்போது மேலேர்ந்து பாத்தா ஜிப்பு போடுற மாதிரியே கீது. கிண்டிப் பக்கம் இன்னொரு கண்ணாடிக் கட்டடம் வளருது, அதுக்கு இடுப்பே இல்ல, நேரா பீரோ கணக்கா, அதுல எறங்குறவனுக்கு தூக்கம் வரும். கட்டடங்களைப் பற்றி அவனுக்கென்று ஒரு கணக்கு. கம்பிச் சட்டம் வெளியே துருத்திக்கொண்டிருப்பது சிடுசிடு ஆள், முட்டியைப் பதம்பார்க்கும். கண்ணாடியும் கண்ணாடியும் சட்டமே தெரியாமல் சேர்ந்திருப்பது நல்ல குணம், கை வழுக்கிக்கொண்டு போகும். இதோ எதிரில் நிற்கிற இந்த நீலக்காரிக்கு அவன் வைத்த பேர் உன் தங்கச்சி. குணசுந்தரிக்குத் தங்கச்சியே கிடையாது. உன் தங்கச்சிய இன்னிக்குக் கழுத்து வரைக்கும் குளிப்பாட்டிட்டேன், நாளைக்கு முதுகு. முழுசாகக் குளிப்பாட்ட இருபத்திரண்டு நாளாகுமாம், முடித்து மூன்று மாசத்தில் ஆற்றுக் காற்றும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து மறுபடி அழுக்காக்கிவிடுமாம், மறுபடி முதலிலிருந்து. எனக்கு ஒரு தடவையாவது முதுகு தேய்ச்சு விட்டிருப்பியா யா என்று அவள் கேட்டால், உனக்கு வளைவு கம்மி, கயிறு நிக்காது என்பான். சிரித்துச் சிரித்துச் சோறு புரையேறும். இப்படித்தான் அவள் இந்த ஊரை மேலிருந்து பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் மேலே போகாமல்.

அந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் அங்கே வெறும் முள்ளுக்காடு. இந்தப் பெஞ்சு வருவதற்கு முன்னால் இங்கே அவர்கள் வீடு. ரயில் பாலத்துத் தூணிலிருந்து எண்ணி வந்துதான் உட்கார்ந்திருந்தாள், தூணுக்கு அடுத்தது இஸ்திரிக்காரர் வீடு, அடுத்தது சைக்கிள் கடைக்காரர், அடுத்தது அவர்கள். கணக்குச் சரியாக இருந்தால் அவள் இப்போது அடுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும், வெள்ளரிக்காரம்மா உட்கார்ந்த இடம் டிவி வைத்திருந்த மூலை. பெருவெள்ளத்து வருஷம் ஆறு டிவியையும் அடுப்பையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு போனது. அப்புறம் ஊருக்கு வெளியே எட்டு மாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். நல்ல வீடுதான், ஒழுகாது, ஆனால் அங்கிருந்து எதைப் பார்த்தாலும் இன்னொரு எட்டு மாடிதான் தெரிகிறது. அங்கே போன அன்று ராத்திரி அவன் தூங்காமல் கிடந்தபோது, என்ன யா என்று கேட்டதற்கு, ஆத்துச் சத்தம் இல்லியே என்றான். ஆற்றுக்கு ஏது சத்தம், கொசுவுக்குத்தான் சத்தம், நாற்றம்தான் மிச்சம் என்று அவள் சண்டை பிடித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் அதேதான். மழைக்கு அப்புறம் ஒரு வாரம் ஆறு கலங்கலாக, நிஜமான ஆறாக ஓடும், அந்த ஒரு வாரத்துக்காக வருஷம் முழுக்க மன்னிக்கலாம். பிறகு நீலக் கட்டடத்துக் கண்ணாடி துடைக்கும் வேலை அவன் கம்பெனிக்குக் கிடைத்தது. அன்று அவன் வீட்டுக்கு வந்த நடையே வேறு. குணா, மேலேர்ந்து நம்ம எடம் தெரியுது, பெஞ்சி போட்டுக்கீறாங்க, நடைபாதை, பூச்செடி எல்லாம். யாராவது உக்காந்துகினு கீறாங்களா என்று அவள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை. ரெண்டு பேரு கையக் கோத்துகினு கீறாங்க, நம்ம அடுப்பாண்ட என்றான். அப்போது சிரித்தாள், ராத்திரி திரும்பிப் படுத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள், காலையில் சரியாகிவிட்டது. இப்போது தானே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டு சூடாகத்தான் இருந்தது, அடுப்படி என்றால் சூடு இருக்கத்தானே செய்யும்.

புள்ளிகள் நாலைந்து மாடி இறங்கியிருந்தன. கண்ணாடியில் ஈரக் கோடுகள் வெயிலில் ஒரு நொடி மின்னிக் காய்ந்தன. எப்படிச் சொல்வது. எட்டு நாளாக இதே எப்படிச் சொல்வதுதான். அவள் சமையல் வேலை செய்கிற அடுக்கு வீட்டின் சங்கச் செயலாளர் மைதிலி மேடம், நல்ல மனுஷி, மோட்டார் போடவும் செடிக்குத் தண்ணீர் விடவும் நம்பிக்கையான ஆள் வேண்டும், உன் வீட்டுக்காரர் வருவாரா குணா என்று கேட்டு எட்டு நாளாகிறது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஏகாம்பரத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறு ஏதோ ஊரில் கயிறு அறுந்து ஒருத்தர் விழுந்ததை டிவியில் காட்டினார்கள், விழுந்த ஆளைக் காட்டவில்லை, வாளியைக் காட்டினார்கள், நசுங்கிப்போய்க் கிடந்த நீல வாளி. அன்றிலிருந்து குளியலறையில் வாளியைக் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் தள்ளி வைக்கிறாள். முதல் நாள், ஏன் யா, கீழ ஏதாவது வேலை வந்தா பாப்பியா என்று ஆரம்பித்தாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, இன்னிக்கு ஒரு ஏரோப்ளேன் குணா என்றான், அவ்வளவுதான், பேச்சு ஏரோப்ளேனில் ஏறிப் போய்விட்டது. மூன்றாம் நாள், உனக்கு வயசாவுது என்று சொல்ல வாயெடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயசாவுது என்று வந்தது. அதற்கு அவன், யாரு சொன்னா, உன் தங்கச்சிய விட நீ ஷோக்காத்தான் கீற என்றுவிட்டான். ஆறாம் நாள், செடிக்குத் தண்ணி ஊத்துறது நல்ல வேலதானே என்றாள். எந்தச் செடிக்கு என்றான். ஒண்ணுமில்லை என்றாள். வானத்தில் நின்று ஊரைக் குளிப்பாட்டுகிறவனை ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்று என்று எந்த வாயால் சொல்வது. சொன்னால் வருவான். அதுதான் பயமே. அவள் அழுதால் அவன் எதுவும் கேட்காமல் வந்துவிடுவான், வந்து மோட்டார் போடுவான், செடிக்குத் தண்ணீர் விடுவான், சாயங்காலம் சோற்றில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், கேட்டால் மோட்டார் ஓடிச்சு என்பான். விழுந்து போவதும் ஒரு மாதிரிப் போவதுதான், இப்படிப் பேச்சற்றுப் போவதும் ஒரு மாதிரிப் போவதுதான். இல்லை, இரண்டும் ஒன்றா, வாயைக் கழுவு, உயிரோடு இருந்தால் போதும், மோட்டார் ஓடிச்சு என்று நூறு வருஷம் சொல்லட்டும். யா, நான் ஒண்ணு சொல்லுவேன் கோச்சிக்கக் கூடாது. இல்லை, இது வேண்டாம், கோபிக்காதே என்றாலே கோபம் வரும். யா, மைதிலி மேடம் உன்ன ரொம்பக் கேக்குறாங்க. அவங்க என்ன ஏன் கேக்கணும் என்பான். யா, எனக்கு பயமா கீது யா. அதுதான் உண்மை. அதைச் சொல்லிவிடலாம். பத்தொன்பது வருஷத்தில் சொல்லாததை இன்றைக்கு ஆற்றங்கரை கேட்டில் செக்யூரிட்டி பார்க்கச் சொல்லிவிடலாம்.

வெள்ளரிக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு, நல்லபடியா எறங்கட்டும்மா என்று சொல்லிப் போனாள். அப்போதுதான் காற்று வந்தது. கடல் பக்கமிருந்து ஆற்றோடு வருகிற உச்சிக் காற்று, இதையும் அவன் சொல்லியிருக்கிறான், பாலத்துக்குப் பாலம் தாவி வரும், தண்ணியில சுருக்கம் வுழுறதப் பாத்துட்டு நாங்க கண்ணாடியோட ஒட்டிக்குவோம். தண்ணீரில் சுருக்கம் விழுந்ததை குணசுந்தரி பார்த்தாள். நிமிர்ந்தபோது ஓரத்துப் புள்ளிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன, நடுப்புள்ளி ஒட்டவில்லை. அது கண்ணாடியை விட்டு விலகி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது, ஆற்றைப் பார்த்தது, பாலத்தைப் பார்த்தது, மறுபடி கண்ணாடிக்கு வந்து காலால் மோதி மறுபடி விலகியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். நான்தான், நான்தான் பார்த்துவிட்டேன், சொல்லச் சொல்லக் கேட்காமல் வந்து முழுசாகப் பார்த்துவிட்டேன், அவன் காலைக் கூச வைத்துவிட்டேன். கண்ணை மூடினாள், மூடினால் இன்னும் மோசம், திறந்தாள். எங்கிருந்தோ ஒரு விசில் கேட்டது. கை தானாக போனை எடுத்தது. வேலை நேரத்தில் அவள் அவனைக் கூப்பிடுவதே இல்லை, கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. இறங்குவதற்கு முன் போன், சாவிக்கொத்து, மோதிரம் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், மேலிருந்து ஒரு சாவி விழுந்தாலும் கீழே போகிறவன் மண்டை போய்விடும். பெட்டிக்குள் மணியடிக்கப் போகிறது என்று தெரிந்தேதான் அடித்தாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.

“இன்னா குணா, இந்நேரத்துல?”

கயிற்றில் இருந்த ஆளின் இரண்டு கைகளும் கயிற்றில்தான் இருந்தன. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், அவன் பேர்தான். மறுபடி வைத்தாள்.

“ஒண்ணுமில்ல. சும்மாத்தான்.”

“சும்மாவா? வூட்ல ஒண்ணுமில்லியே?”

“இல்ல யா. நீ எங்க கீற?”

“எங்க கீறேன், மேலதான். பதிமூணாவது மாடியாண்ட. காத்துக்கு நிக்கிறோம்.”

பதிமூன்றாவது மாடியில் வலது ஆளும் இடது ஆளும் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யார் கையிலும் போன் இல்லை. குணசுந்தரியின் பார்வை கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே வந்தது, பத்து, ஏழு, நாலு, தரை. கட்டடத்தின் காலடியில் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். நாடாவுக்குள் ஆரஞ்சுச் சட்டையில் ஓர் ஆள், ஹெல்மெட் பின்னால் சரிய அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். ஒரு கை காதில், இன்னொரு கை பிடரியில். கழுத்தில் ஏதோ தொங்கியது, சற்று முன் கேட்ட விசிலாகத்தான் இருக்க வேண்டும். கால்களை அகட்டி, வலது காலில் பாரம் போட்டு நிற்கிற அந்த நிலையை ஆயிரம் பேர் நடுவிலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

தை மாசத்திலிருந்து அவன் தோளுக்குத் தைலம் கேட்பதில்லை, கழுத்துக்குத்தான் கேட்கிறான், தினமும் அவளேதான் தேய்த்துவிடுகிறாள், எந்தப் பாரம் கழுத்துக்கு ஏறியது என்று ஒரு நாளாவது யோசித்தாளா. நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். நாலு மாசம். கம்பெனி இறக்கியதோ, டாக்டர் இறக்கினாரோ, இவனே தலை சுற்றி இறங்கிக்கொண்டானோ. நாலு மாசமாகத் தரையில் நிற்கிறான், நாலு மாசமாக வீட்டுக்கு வந்து கிளி சொன்னான், ஏரோப்ளேன் சொன்னான், கடல் தகரமாகக் கிடந்ததைச் சொன்னான். சுள்ளென்று கோபம் வந்தது. தினமும் காலையில் இவன் பஸ் ஏறியதிலிருந்து சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்கும் வரைக்கும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே, படுபாவி, தரையில் நின்றுகொண்டா என்னைச் சாகடித்தாய். அந்தக் கோபம் முழுசாக வருவதற்குள்ளேயே இன்னொன்று தட்டுப்பட்டது. கிளியை இவன் எங்கே பார்த்தான். தரையிலிருந்து லைப்ரரி மாடி ஏது, கடல் ஏது. இட்டுக்கட்டிச் சொல்லவும் அவனுக்கு வராது, அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. கயிற்றிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் கேட்டிருப்பான். ஒவ்வொருத்தனும் கால் ஊன்றியதும், மேல இன்னிக்கு இன்னா பாத்த, வேற இன்னா, அப்பால, என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்து, சாப்பாட்டுக் கூடையோடு சேர்த்து அவளுக்குக் கொண்டுவந்திருப்பான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலத்தைச் சுற்றி ஓடிப்போய், அத்தனை பேர் பார்க்க, அந்த வலிக்கிற கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் செருப்பு மண்ணில் பதிந்திருந்தது. இரண்டு செருப்பும். மைதிலி மேடத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் அவளிடம் வந்துவிட்டது. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளட்டும். இவன் சொல்லாத வரைக்கும் இவளும் தெரிந்ததாகச் சொல்ல மாட்டாள். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. மேலே மூன்று பேரும் துடைப்பதை விட்டுவிட்டு, வாளியை இடுப்போடு இழுத்துக் கட்டிக்கொண்டு வேகமாக இறங்க ஆரம்பித்திருந்தார்கள்.

“குணா? லைன்ல கீறியா?”

“கீறேன். மேலேர்ந்து இன்னா யா தெரியுது?”

அண்ணாந்த முகம் கயிற்றை விட்டு அசையவில்லை. “எல்லாந்தான் தெரியுது. ரயிலு போவுது. நம்ம எடம் தெரியுது.”

பாலத்தில் ரயில் எதுவும் இல்லை. “அங்க யாருனா உக்காந்துகினு கீறாங்களா?”

“யாருமில்ல. பெஞ்சி காலியா கீது. நல்ல வெயிலு.”

குணசுந்தரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “காத்தடிக்குது. பாத்து எறங்கு.”

“ம்.”

“கால் தரையில பட்டதும் சொல்லு. அதுவரைக்கும் போன வெக்க மாட்டேன்.”

“சரி” என்றான். போனில் அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது. நடுக்கயிற்று ஆள் பத்தாவது மாடியைத் தாண்டினான், ஏழைத் தாண்டினான். அக்கரையில் அவன் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான், இக்கரையில் அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு. இரண்டு. நடுக்கயிற்று ஆளின் கால் மண்ணைத் தொட்டது, ஏகாம்பரம் பிடரியிலிருந்து கையை எடுத்தான்.

“பட்டுச்சு குணா” என்றான், பத்தொன்பது மாடி இறங்கி வந்தவனுக்கு வாங்குகிற மாதிரி மூச்சு வாங்கியது.

“அப்பாடா” என்றாள் அவள். அதில் பொய்யே இல்லை.